சுவரில் ஒட்டியிருந்த தாள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? “பரவாயில்லை” என்று எழுதாதீர்கள், நான் நம்பமாட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பார்த்துக்கொள்ளும் செவலைக் குதிரையோடு முதன்முதலாகப் போட்டியில் இறங்கினேன். பயப்படாதீர்கள், தடை தாண்டும் போட்டி அல்ல. களத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நட்டிருப்பார்கள். எந்தப் பலகையில் நடை, எதில் ஓட்டம், எங்கே திரும்புவது என்று ஒரு வரிசை உண்டு. வெளியே நின்று ஒருவர் அதைப் படித்துச் சொல்லலாம்.

எங்கள் லாயத்தில் லாடம் அடிப்பவர், “நான் படிக்கிறேன், நீ குதிரையப் பாரு” என்று தானாக வந்தார். அவருடைய அக்காள் மகளும் அதே போட்டியில் இருந்தாள். பிறகு எப்படி நம்புவது? யாரையும் கேட்காமல் லாயச் சுவரில் ஒட்டியிருந்த வரிசைத் தாளை மனப்பாடம் செய்துகொண்டேன்.

களத்தில் அவர் “இடது பக்கம் திரும்பு” என்றார். காலை வாரப் பார்க்கிறார் என்று நான் வலது பக்கம் திருப்பினேன். மணி அடித்து நிறுத்தினார்கள். நான் மனப்பாடம் செய்தது போன வருடத்துத் தாள். ஏழு பேரில் ஏழாவதாக வந்தேன்.

அவர் கோபப்படவில்லை. “யாரையும் நம்பாத அளவுக்கு யாரும்மா உன்ன ஏமாத்தினது?” என்று மட்டும் கேட்டார். நான் சேணத்தைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன். நீங்களும் அதைக் கேட்காதீர்கள்.

தீவன வண்டி வந்துவிட்டது, போகவேண்டும். அடுத்த போட்டிக்கான தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். உங்கள் குரலில் கேட்டால் சரிபார்க்கத் தோன்றாது.

உங்கள் மகள்