பூட்டிய வீடுகளுக்கு நான் போட்ட கையெழுத்து

ஓடைக்கரைத் தெரு,
ஆம்பூர்.

அன்பு மகள் கெசியாவுக்கு,

அம்மா எழுதச் சொன்ன ஸ்தோத்திரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இங்கே இருவரும் நலம். அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. டப்ளினில் குளிர் எப்படி, உனக்கு நெஞ்சுச் சளி விட்டதா என்று தினமும் என்னைத்தான் கேட்கிறாள், நான் என்னவோ அங்கிருந்து வந்தவன் போல. போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் உனக்கு டியூட்டி வந்துவிடுகிறது. உன்னோடு வேலை செய்யும் ஃபீபி விடுமுறை முடிந்து இன்று இரவு விமானம் ஏறுகிறாள், அவளிடம் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறோம், அவற்றோடு இதுவும் வரும். ஆற அமரப் படி.

புது வீடு ஒதுக்கிவிட்டார்களே, ஏன் இன்னும் குடிபோகவில்லை, அப்பா மறுபடியும் யாரோடாவது சண்டையா என்று போன ஞாயிறு நீ அம்மாவிடம் கேட்டாய். அவள் அழுதாளே தவிரக் காரணம் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீடு நமக்கு உண்டா இல்லையா என்பதே தெரியாத நிலைமை. நேற்றுதான் தெரிந்தது. என்ன நடந்தது என்பதை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் என்னைப் பற்றிய கதைகள் என்னைவிட வேகமாக நடக்கின்றன.

ஓடையோரம் இருக்கும் நம் தெருவை எடுத்துவிட்டு, மாதனூர் போகிற வழியில் மாடி வீடுகள் கட்டி, அதில் நம்மைக் குடிவைப்பது என்று திட்டம் போட்டது உனக்குத் தெரியும். கட்டி முடித்ததும் குறை கண்டுபிடிக்கவே போய்ப் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நின்று சமைக்கிற மேடை, வெயில் விழுகிற ஜன்னல். கழிப்பறைக் கதவு மட்டும் பிளாஸ்டிக். வாடகைக்கு ஒரு அறை எடுக்க இந்த ஊரில் அட்வான்ஸ் என்று கேட்கிற தொகைக்கு ஷூ கம்பெனியில் தைக்கிற பெண் இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்து வைக்கவேண்டும், அப்படிப்பட்டவர்களுக்கு இது நல்ல வீடுதான். ஏழைகளுக்கு என்று ஒன்றைக் கட்டும்போது எங்காவது ஓர் இடத்தில் கை சுருங்கும் என்பது என் அனுபவம். இந்த முறை அது சுவரில் சுருங்கவில்லை, கணக்கெடுப்பில் சுருங்கியது. யார் யார் உண்மையாகக் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வந்த தற்காலிக ஆட்கள் ஒரு வேலை நாளில், வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். நம் தெருவைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டாம். விடிந்ததும் கம்பெனி பஸ்கள் வந்து புருஷனையும் பெண்டாட்டியையும் அள்ளிக்கொண்டு போய்விடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும், தெருவில் பாதிக்குமேல் பூட்டுதான் தொங்கும். அவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். என்னைத் தோல் கம்பெனியின் ஷிப்பிங் பிரிவிலிருந்து, முதலாளியின் அக்கா மகனுக்கு நாற்காலி வேண்டும் என்பதற்காக வெளியே அனுப்பிய நாளிலிருந்து, பகலில் வீட்டில் இருக்கிறவன் நான். கதவு திறந்திருந்தது, என் பெயர் ஏறியது. உழைக்கப் போனவர்கள் குடியில்லாதவர்கள் ஆனார்கள், வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நான் குடியிருப்பவன் ஆனேன்.

பட்டியல் ஒட்டியதும் தெருவில் முதலில் வாயைத் திறந்தவன் பக்கத்து வீட்டுத் துரைசாமிதான். அந்த வருஷத்து வெள்ளத்தில் அவன் தன் வாசலை மட்டும் மேடாக்கிக்கொண்டு, தண்ணீரை நம் வீட்டுக்குள் திருப்பிவிட்டு, என் எம்.ஏ. புத்தகங்களை எல்லாம் கூழாக்கினானே, அதிலிருந்து அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை. அவன் என்னிடம் பேசவில்லை, நம் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு தெருவிடம் பேசினான். "படிச்சவரு வூட்லயே குந்திகினு தன் பேர மட்டும் எழுதிக்கினாரு, நாம இன்னா, தோல் ஊறவைக்கிற ஜனம்தானே" என்றான். ஆணி அறைந்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்டவற்றை நான் பதில் சொல்லித் தீர்த்துவிடுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அஃப்ரோஸ் வந்தார், உன்னோடு படித்த அம்பரீனின் அம்மா. விடுபட்டவர்களுக்காக ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றார். எழுதினேன். நன்றாகவே எழுதினேன், ஏனென்றால் மறுபடியும் ஒருமுறை வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. ஆனால் வருவது மறுபடியும் வேலை நாளில். கம்பெனியில் சரக்கு அனுப்புகிற நேரம், ஒருவருக்கும் லீவு கிடையாது. அப்போது அஃப்ரோஸ்தான் அந்த யோசனையைச் சொன்னார். "லீவு போட்டா லைன்லர்ந்தே தூக்கிடுவான் சார், ஒரே பேஜாரு. சாவிய உங்ககிட்ட குடுத்துட்டுப் போறோம், நீங்க தொறந்து காட்டுங்க. அடுப்பு கீது, பாய் கீது, கொடில பசங்க துணி கீது. ஆளு வாழற வூடா இல்லியான்னு பாத்தா தெரியாதா?" என்றார். அதிகாரி வருகிற அன்று காலை பஸ் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். தோல் வெட்டுத் துண்டில் பெயர் எழுதிச் சாவியில் கட்டியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. கடைசியாகத் துரைசாமியின் மனைவி கலையரசி வந்தாள். "அவருக்குத் தெரியாதுண்ணா, தெரிஞ்சா ஆடித் தீத்துடுவாரு. ஆனா வூடு எனக்கும்தானே வோணும்" என்றாள். சாவியை என் கையில் வைக்கவில்லை, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

வந்தவர் பூரணி என்கிற இளம் பெண் அதிகாரி, முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. நான் ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். ஒரு வீட்டில் ஊறவைத்த அரிசி, ஒரு வீட்டில் பாதி தைத்த பள்ளிச் சீருடை, இன்னொன்றில் சுவரில் பிள்ளைகள் கரியால் போட்ட கணக்கு. அந்த அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாழறாங்கன்னு தெரியுது சார். ஆனா வீட்டுக்காரங்க இல்லையே. ஏற்கெனவே வீடு கிடைச்ச ஒருத்தர், இவங்க இங்கதான் இருக்காங்க, வேற எங்கயும் வீடு இல்லன்னு உறுதி சொல்லிக் கையெழுத்து போட்டா ஏத்துக்கலாம். பொய்யின்னு தெரிஞ்சா போட்டவர் வீடும் ரத்தாகும், யோசிச்சுப் போடுங்க." உன் அம்மா பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் போட்டேன். துரைசாமிக்கும் போட்டேன். இரக்கத்தால் போட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அவனை மட்டும் விட்டுவிட்டால் ஜன்னலுக்கு வெளியே அவன் சொன்னது உண்மையாகிவிடும், அதற்காகப் போட்டேன்.

மாதனூரில் அவனுக்கு அப்பா வீடு ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். அதில் அவன் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அண்ணன் உட்கார்ந்திருக்கிற அப்பா வீட்டில் தம்பிக்கு எழுத்தில் ஒரு பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? காட்பாடி வீட்டை உன் பெரியப்பா ரெனால்ட் எனக்குப் பங்கில்லாமல் எப்படித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்று நீயே பார்த்தாய், பார்த்தபிறகும் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு வாழ்த்து அனுப்புகிறாய். அண்ணன்மார் என்றால் அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். துரைசாமியின் அண்ணன் அப்படி இல்லை, பாகப்பிரிவினையில் தம்பி பெயரையும் முறையாக எழுதி வைத்திருக்கிறான். யாரோ போய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள். யார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, பெயர் எழுதமாட்டேன், அவர் மகளோடு நீ இன்னும் பழகுகிறாய். விசாரணை முடியும் வரை நம் ஒதுக்கீட்டையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். அம்மா கட்டிவைத்த மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "எம்.ஏ. படிச்சீங்களே, எதுல கையெழுத்து போடுறோம்னு தெரியாதா, பகையாளிக்காக என் வீட்டை எழுதிக் கொடுத்துட்டீங்களே" என்றாள். அதன்பிறகு உன்னைப் பற்றிக் கேட்பதைத் தவிர, நேற்று வரை என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷம் மற்றவர்கள் படுக்கையைச் சுத்தம் செய்தவள், தன் பெயரில் ஒரு கதவு வேண்டும் என்று அவள் கேட்டது அதிகமில்லை. அதுதான் நீ போனில் கேட்ட அழுகை.

நேற்று விசாரணை. என்னையும் துரைசாமியையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தெருக்காரர்களும் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். பூரணி அம்மா என்னிடம், இவருக்கு மாதனூரில் பங்கு இருப்பது தெரிந்தே கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு தெரியாது என்றால் எப்படி நம்புவது என்றார். துரைசாமி எழுந்தான். "சாருக்கு இன்னா தெரியும்மா? அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தையே கெடையாது. அந்த மழையிலர்ந்து அவரு என் மூஞ்சிய பாத்ததில்ல. நான் சாவி குடுக்கல, என் பொண்டாட்டி திருட்டுத்தனமா குடுத்தா. நான் கேக்காம அவரு போட்டாரு. மாதனூர்ல எனக்குப் பங்கு கீது, நெசம்தான், என் பேர அடிச்சிடுங்க. அவரு வூட்ட புடுங்காதீங்க" என்றான். இவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது உண்மையா என்று அவர் மற்றவர்களைக் கேட்டார். அஃப்ரோஸ் சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் எதிர எதிர வந்தா தெருவே ஓரமா நிக்கும் மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அதிகாரியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, துரைசாமியும் சிரிக்கவில்லை. அவன் பெயரை அடித்தார்கள், என் பெயர் நின்றது, பூட்டிய வீட்டுக்காரர்களில் மற்ற எல்லோருக்கும் வீடு உறுதியானது.

கெசியா, நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், இதை யோசித்துப் பார். அவனுக்கு மாதனூரில் இருப்பது அண்ணன் பிள்ளைகள் படுக்கிற ஓர் அறையில் எழுத்தளவில் ஒரு பங்கு. அதில் அவன் கால் நீட்டக்கூட இடமில்லை. சட்டத்தின் கண்ணில் அது வீடு, அதனால் தெருவை எடுக்கும்போது அவன் வெறுங்கையோடு போகவேண்டும். அண்ணன் ஏமாற்றியிருந்தால் அவனுக்கு வீடு கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்த மாதிரி. இது தப்பு என்று மேல்முறையீடு எழுதலாம், குடியிருக்க முடியாத பங்கை வீடு என்று சொல்லக்கூடாது என்று வாதாட இடம் இருக்கிறது. நேற்று இரவே எழுதிவிட்டேன். இன்று காலை அவன் வேலைக்குப் புறப்படும்போது குறுக்கே போய் நின்று கையெழுத்துக் கேட்டேன். ஏன் செய்கிறாய் என்று கேட்டான், சார் என்றுகூடச் சொல்லவில்லை. உனக்காக இல்லை, அவர்கள் செய்தது தவறு, அதனால் என்றேன். "நானும் உனக்காகச் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன்" என்றான். பஸ் ஹாரன் அடித்தது. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிப்போய்விட்டான். அவ்வளவுதான் பேசினோம். அந்த மனு நிற்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தும் நாளை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன் அறையைப் பற்றி அம்மா சொன்னாள், நாலு பேர் ஒரே அறையில், வாடகை சம்பளத்தில் பாதி என்று. உலகம் முழுக்க வேலை செய்கிறவனுக்குத்தான் வீடு கிடைப்பதில்லை போலிருக்கிறது. வீட்டுக்காரரிடம் எதையும் வாய்ப்பேச்சாக ஒப்புக்கொள்ளாதே, முன்பணத்துக்கு ரசீது வாங்கு. நைட் டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. காலை உணவைத் தவிர்க்காதே. யாருக்காவது உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டி வந்தால் யோசி, ஆனால் பயந்து ஒதுங்கிவிடாதே.

வரும் சனிக்கிழமை புது வீட்டில் ஜெபம் வைத்துக் குடிபோகிறோம். நம் சபை ஐயர் வருகிறார், அஃப்ரோஸ் வீட்டிலும் வருகிறார்கள். கலையரசியை அம்மா கூப்பிட்டிருக்கிறாள், என்னைக் கேட்கவில்லை. துரைசாமியை நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பதற்கு இத்தனை வருஷமாக என்னிடம் ஒரு காரணம் இருந்தது, இப்போது அதைத் தேடினால் கைக்குக் கிடைக்கவில்லை, அதுதான் பாரமாக இருக்கிறது. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, பார்க்கலாம்.

மறக்காமல் அன்று அம்மாவுக்குப் போன் செய், ஜெபம் முடிந்து சாப்பாடு போடுகிற நேரத்தில் செய், பெருமையாக எல்லோருக்கும் காட்டுவாள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ தலைசாய்க்கிற இடம் எதுவானாலும் அங்கே உனக்குச் சமாதானம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஜார்ஜ்.