ஐஸ் கம்பெனியின் கடைசித் தாள்

அழைப்பிதழ் நேற்று தபாலில் வந்தது. முகப்பில் எங்கள் ஐஸ் கம்பெனியின் கடிதத் தலைப்பைப் போட்டிருக்கிறார்கள். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ், நடுவில் ஐஸ் பாளத்தின் மேல் ஒரு வஞ்சிரம். தாத்தா காலத்து அச்சு. பழைய காரைக்கால் கடைகளின் காகிதங்களை ஆவணக் காப்பகத்தில் கண்காட்சி வைக்கிறார்களாம். குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று உன் மனைவியின் பெயர். படத்தின் கீழ் விளிம்பில், நீல மையில், இரண்டு எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. என் எழுத்து. காபி ஆறி ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தக் கடிதம் என்று உனக்குத் தெரியும்.

அப்பாவின் கருமாதிக்கு நீ வந்தாய். படத்துக்குக் கும்பிடு போட்டாய், பிறகு காணோம். பந்தியில் உட்காரவைக்கலாம் என்று தேடிக்கொண்டு போனால், கம்பெனியின் பின்னறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டிபோட்டிருந்தாய். பழைய பேப்பர்காரனுக்காக என் அண்ணன் கட்டிவைத்த மூட்டைகளை அவிழ்த்துத் தரையெல்லாம் பரப்பியிருந்தாய். நிமிர்ந்து பார்த்து, "டேய், இங்க பாருடா. கருக்களாச்சேரி மீன்புடி போட்டுக்கெல்லாம் ஐஸ் போன சீட்டு. ஒவ்வொரு போட்டு பேரும் இருக்கு" என்றாய். உன் முகத்தில் சந்தோஷம். அந்த நாளில், அந்த வீட்டில், சந்தோஷம். என் பின்னால் நின்ற யாரோ ஓர் உறவுக்காரர் சிரித்தார். இரண்டு மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனாய். அண்ணன் தூக்கிவிட்டான். அதற்காக அவனையும் நான் மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் எழுதினேன். மேசை இழுப்பறையில் கம்பெனித் தாள் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. சாதாரணத் தாளில் எழுதியிருக்கலாம். திட்டுவதற்கும் கம்பெனியின் மதிப்பு வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஒரு பக்கம் நிறைய எழுதினேன். பெரும்பகுதி மறந்துவிட்டது. ஒரு வாக்கியம் மறக்கவில்லை. 'உனக்குப் பிள்ளை இல்லை, அதனால்தான் ஊரார் வீட்டுக் குப்பையைத் தூக்கிவந்து கொஞ்சுகிறாய்.'

நீ பதில் போடவில்லை. திருப்பித் திட்டுவாய் என்று காத்திருந்தேன். வருஷக்கணக்கில் காத்திருந்தேன். கடைத்தெருவில் எதிரே வந்தால் சைக்கிளை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாய். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க முயன்றே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. நீ போன செய்தியைக்கூடப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் பார்த்தேன். நீ இருந்திருந்தால் பசை காயும் முன் அதை உரித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாய். உன் தெருமுனைவரை வந்தேன். திரும்பிவிட்டேன்.

இன்று காலை காப்பகத்துக்குப் போனேன். அந்தக் கடிதம் கண்ணாடிக்குள் வந்துவிட்டால், விளக்கேற்ற வரும் உன் மனைவி அந்த வாக்கியத்தைப் படிப்பார். அதைத் தடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஆதார் நகல் கேட்டார்கள், பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கை கழுவி வரச் சொன்னார்கள். என் சொந்தக் கடிதத்தைப் பார்க்க நான் கை கழுவவேண்டும்.

பொறுப்பாளர் நெடுங்காட்டுக்காரர், நாற்பது வயதுப் பெண். உன் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். சோடா கம்பெனி லேபிள்கள், மாங்கனித் திருவிழாவுக்கு ஜவுளிக்கடைக்காரர்கள் அடித்த நோட்டீஸ்கள், அல்வாக் கடையின் அட்டைப்பெட்டி மூடி. எல்லாவற்றிலும் உன் பென்சில் எழுத்து. பள்ளிக்கூடத்திலேயே நீ அப்படித்தான். தெருவில் கிடந்த சினிமா நோட்டீஸை நான் வாசித்துக்காட்டினால், "எழுதியிருக்கறத விடுடா, தாளப் பாரு" என்பாய். ஐஸ் சீட்டுகள் இருந்த பெட்டியில், நன்கொடை என்று போட்டு உன் பெயர். என் அப்பாவின் காகிதம், உன் நன்கொடை. நீ தூக்கிப் போகாவிட்டால் அவற்றில் பஜ்ஜி மடித்துக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் குறைந்துவிடுமா?

கடைசியில் அந்தத் தாளை எடுத்துவந்தார். தலைப்புக்குக் கீழே, எழுத்து உள்ளே போகும்படி பின்பக்கமாக மடித்து மடித்து, இரண்டு ஓரங்களிலும் வெள்ளை நூலால் தைத்திருந்தது. பொடிப்பொடியான, ஒரே சீரான தையல். ஊரில் பாதிப் பெண்களின் ரவிக்கை உன் மனைவி தைத்ததுதான். என் கல்யாணத்தில் என் மனைவி போட்டிருந்ததும் அவர் தைத்ததே. யார் தைத்தது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அந்தம்மாதாங்க தைச்சுக் குடுத்தாங்க. தாள்ல ஊசி போடக்கூடாதுன்னு எவ்வளவோ சொன்னோம், கேக்கல. எழுதுனவரு நேர்ல வந்து கேட்டாதான் பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

யார் படித்துவிடக் கூடாது என்று ஓடிவந்தேனோ, அவர் எப்போதோ படித்துவிட்டார். படித்து, மடித்து, நூல் கோத்து, நான்கு பேர் கண்ணில் படாமல் தைத்தும் கொடுத்துவிட்டார்.

எழுதினவன் நான்தான் என்றேன். அந்தப் பெண் தாளை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப உங்க இஷ்டம் சார். எடுத்துட்டே போகலாம். ஆனா ஐஸ் கம்பெனி தலைப்பு வேற ஒண்ணுகூட இல்லீங்க. அந்த இடம் காலியாத்தான் இருக்கும்."

தலைப்பை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். வெட்டினால் அது துண்டுச் சீட்டு என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார், நீ சொல்வதுபோலவே இருந்தது. சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்கள் நிற்கின்றன. அண்ணன் விற்றது. தாத்தா பெயரோ அப்பா பெயரோ அங்கே ஒரு செங்கலில்கூட இல்லை. இந்த ஊரில் அவர்களுக்கு மிச்சமிருப்பது அந்தத் தலைப்பு ஒன்றுதான். அதன் முதுகில் என் அசிங்கத்தையும் ஏற்றிவைத்தவன் நான். அதைப் பத்திரப்படுத்தியவன் நீ.

கூடவே நீ எழுதிய அட்டை இருந்தது. 'ஐஸ் கம்பெனித் தலைப்பு. கிடைத்த ஒரே தாள். கீழே, நண்பனின் கடிதம்.'

நண்பன் என்று அட்டையில் எழுதத் தெரிந்தவனுக்கு, அதையே ஒரு தபால் கார்டில் எழுதி என் வீட்டுக்குப் போடத் தெரியவில்லையா? நான் இருக்கும் திருமலைராயன்பட்டினம் என்ன சீமையிலா இருக்கிறது? சைக்கிளில் வருகிற தூரம். காப்பகத்துக்குச் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும்தான் வந்திருக்கலாம். சரி. ஆனால் இதைப் பற்றிச் சண்டை போடக்கூட இப்போது நீ இல்லை.

கத்தரிக்கோலைத் தொடவில்லை. அப்படியே வைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதையும் பென்சிலில்தான் போடச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. போவேன். வஞ்சிரத்தையும் பிரெஞ்சையும் பார்த்து ஊரே வியக்கும். மடிப்புக்குள் இருக்கும் அந்த ஒரு வாக்கியம் எனக்கு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். விளக்கேற்றிவிட்டு உன் மனைவி திரும்பும்போது, அதை மனப்பாடமாக வைத்திருக்கும் இரண்டு பேர் அந்தக் கூடத்தில் இருப்போம்.