சுடுதண்ணீர்க் குழாய்க்குரிய பசை

12.4.2026, ஞாயிறு

அன்பு மனைவிக்கு,

என் உடல்நலத்துக்கு இங்கு ஒரு குறையுமில்லை. போன மாதம் 28ஆம் தேதி நீ எழுதிய முழங்கால் வலி இப்போது எப்படியிருக்கிறது?

நீ கவலைப்படக் கூடாதென்று ஒன்றை மறைத்திருந்தேன். என் வேலை மெதுவாக நடக்கிறதென்று, மாதக் கடைசியில் ஊருக்குக் கிளம்பச் சொல்லியிருந்தார் மேற்பார்வையாளர். 7ஆம் தேதி, விடுதியின் சுடுதண்ணீர்க் குழாய்களை ஒட்டும்போது மறுபடியும் வந்தார்.

“பெரியவரே, பசைன்னா எல்லாம் பசைதானே? சட்டுபுட்டுனு ஒட்டுங்க.”

“சார், இது பச்சைத்தண்ணி பைப்புக்கு ஒட்டுற பசை. சூடு பட்டா விட்டுடும்.”

கீழ்த்தளத்தை மற்றவர்கள் அதே பசையால் ஒரே பகலில் முடித்தார்கள். நான் உரிய பசையைக் கேட்டு வாங்கி மேல்தளத்தை ஒட்டி, முழுதாக ஒரு நாள் காயவிட்டேன்.

நேற்றுக் காலை வெந்நீரைத் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் நான்கு இணைப்புகள் பிய்த்துக்கொண்டன. வேகுமளவு சூடில்லாததால் மேற்பார்வையாளர் தொப்பலாக நனைந்ததோடு தப்பினார். என்னுடைய முப்பத்தாறு இணைப்புகளில் ஒரு சொட்டுக் கசிவில்லை.

“இனிமே இவரைக் கேக்காம எவனும் பசை டப்பாவைத் தொடக்கூடாது” என்றார், சட்டையைப் பிழிந்தபடி.

பேத்தி பள்ளிக்குச் செய்யும் தெர்மாகோல் வீட்டுக்குக் குழாய்ப் பசை ஆகாது, அரித்துவிடும். வெள்ளைப் பசையே போதும். எனக்கு ஊசியும் வெள்ளை நூலும் அனுப்பு. சட்டைப் பொத்தானுக்கு எந்தப் பசையும் சரிப்படவில்லை.

மேற்பார்வையாளர் இப்போது இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். 25ஆம் தேதிக்குள் எழுது. நீ வா என்றால், வென்றவனாகவே வந்துவிடுவேன்.

இதை நாளைக் காலைத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

உன் கணவன்