கை யாரையும் கேட்காது

இன்று காலை உத்திரமேரூர் ஏரிக்கரைக்குப் போகும் குறுக்குப் பாதையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. தாண்டுவதற்காக வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தேன். உங்கள் குரல் கேட்டது: "மூக்கு போச்சு வாத்தியாரே."

நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இன்னும் குனியும்போதெல்லாம் எனக்கு மூக்கு கூசுகிறது.

மாகறல் பக்கம் நடக்கப் போன ஒருவரை யாரோ மறித்து அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதில்தான் நம் காலை நடையில் கையா காலா என்ற பேச்சு தொடங்கியது. நான் எதற்கும் பயப்படுகிறவன். பயப்படுவதைக்கூட முறையாகப் படித்துவிட்டுச் செய்கிறவன். கராத்தே, குத்துச்சண்டை எல்லாம் கைபேசியில் பார்த்தேன். கையைவிடக் கால் நீளம், தோளைவிடத் தொடைக்குப் பலம் அதிகம், எதிராளியைத் தள்ளியே நிறுத்தலாம். ஆகவே உதையே மேல் என்று உங்களிடம் சொன்னேன். ராணுவத்தில் குத்துச்சண்டை போட்ட மனிதரிடம்.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் நெற்களத்துக்கு அழைத்துப் போய் உதைக்கச் சொன்னீர்கள். காலைத் தூக்கினேன், வேட்டி தடுத்தது. தயங்கி, மடித்துக் கட்டக் குனிந்தேன். உங்கள் முஷ்டி என் மூக்கு நுனியில் தொட்டும் தொடாமலும் வந்து நின்றது.

"மூக்கு போச்சு வாத்தியாரே. காலு வேட்டியக் கேட்டுக்கினுதான் வரணும். கை யாரையும் கேக்காது."

பேண்ட் போட்டுக்கொள்கிறேன் என்றேன். சேற்று வரப்பில் ஒற்றைக் காலில் நின்று காட்டச் சொன்னீர்கள். காலே வேண்டாம் என்றும் நீங்கள் சொல்லவில்லை. உயரத் தூக்காமல், செருப்போடு முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்துவிட்டு ஓடிவிட வேண்டுமாம். முஷ்டியால் மண்டையில் குத்தினால் உடைவது நம் விரல்தான் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் ஏன் தயங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. என் அப்பா உங்கள் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். உங்கள் குடும்பத்தார் எதிரே வந்தால் மடித்த வேட்டியை இறக்கிவிட்டு நிற்பது எங்கள் தெருவில் பழகிப்போன மரியாதை.

பிறகு உங்கள் தம்பி இந்தப் பாதையை மறித்து வேலி போட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஊரைச் சுற்றிப் போனார்கள். ஒரு காலையில் நாம் இருவரும் வேலியோரம் வரும்போது, எங்கள் தெரு இளைஞன் ஒருவன் அதைப் பெயர்க்கக் கடப்பாரையோடு வந்தான். உங்களைக் கண்டதும் கோபம் உங்கள் மேல் திரும்பியது.

"எங்க புள்ளைங்க எந்த வழியா போவும்? ஆகாசத்துலயா?"

கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டக் குனிந்தான். இரண்டு கையும் கைலியில்; முகம் கீழே. உங்கள் கை யாரையும் கேட்காது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கைகள் உங்கள் இடுப்புக்குப் போயின. நடப்பதற்காக மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டீர்கள்.

நிமிர்ந்தவன் அதைத்தான் பார்த்தான். உங்கள் வீட்டு ஆண் ஒருவர் எங்கள் தெருக்காரன் முன்னால் அப்படி நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்திருக்கமாட்டார்.

"இன்னா நைனா இது" என்றான். குரலில் சண்டை இல்லை.

"தப்பு எங்க வூட்டுதுப்பா. அத்த இப்டி குடு."

கடப்பாரையை வாங்கி முதல் கம்பத்தை நீங்களே பெயர்த்தீர்கள். உங்கள் தம்பி அதன்பின் உங்களோடு பேசவில்லை. உங்கள் சாவன்றும் தள்ளியே நின்றார்.

கையா காலா என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அந்தக் கை அன்று அடிக்காமல் இடுப்புக்குப் போனது மட்டும் மறக்கவில்லை.

இன்று தண்ணீரைத் தாண்டியதும் எதிரே உங்கள் தம்பி வந்தார். பழக்கம்; என் கைகள் வேட்டிக்குப் போய்விட்டன. அங்கிருந்து அவற்றை எடுத்து, கூப்பி, வணக்கம் சொன்னேன். அவர் கீழே என் வேட்டியைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். நீங்கள் திறந்த பாதையில் மடித்த வேட்டியோடே வீடு வந்து சேர்ந்தேன்.