மலைக்குப் போன இருபது தோட்டாக்கள்

அக்டோபர் 8, ஞாயிறு

மாப்பிள்ளை கோல்பியின் ரைபிள் தோட்டாவுக்குச் சரியான வெடிமருந்தளவு இன்று பிடிபட்டது. மூன்று வாரமாக என்னை இழுத்தடித்த துப்பாக்கி. நான்காவது அளவில், குண்டை மயிரிழை உள்ளே தள்ளி வைத்ததும், இருநூறு கஜத்தில் ஐந்து சூடும் குறி அட்டையில் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின.

ஜூனில், கல்யாண விருந்திலேயே மாப்பிள்ளை சொன்னான்: "கடைத் தோட்டாவே போதும் அத்தை. எல்க் மானுக்குக் கணக்குப் பாடமெல்லாம் தெரியாது." எல்லாரும் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். பெற்ற மகள்.

இந்த அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஐம்பது தோட்டா அடைத்து மரத்தட்டில் அடுக்கினேன், வரிசைக்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் மருந்தைத் தராசில் வைத்துத்தான். சாயங்காலம் கோல்பி வந்தான். "ஐம்பதா? மான் சுடத்தானே போறேன் அத்தை, சண்டைக்கா போறேன்?" இரண்டு வரிசையை எடுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மீதி முப்பது என்னிடம்.

அக்டோபர் 20, வெள்ளி

மலையேறிவிட்டான். ஐந்து நாள். அங்கே போன் எடுக்காது.

அக்டோபர் 21, சனி

எழுதினால் புத்தி தெளியுமா என்று பார்க்கிறேன்.

காலையில் கைத்துப்பாக்கி மருந்துக் குப்பியை எடுத்தேன். எடை குறைவு. போன சனிக்கிழமை கைத்துப்பாக்கித் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது, எழுந்து போனேன். மருந்தை அளந்து தராசில் விடும் அளவைக் குழாயில் மிஞ்சியதைக் குப்பியில் திருப்பிக் கொட்டினேனா? நோட்டில் குறிப்பு இல்லை. எனக்கும் ஞாபகம் இல்லை.

கொட்டவில்லை என்றால் ஞாயிறன்று ரைபிள் மருந்தை அதன் மேலேயே ஊற்றியிருக்கிறேன். இரண்டும் கறுப்புப் பொடி; வெள்ளைத் தாளில் பரப்பினால்தான் மணியின் வடிவம் வேறு என்று தெரியும். கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரிவது. அதே எடைக்கு ரைபிள் தோட்டாவில் போனால் துப்பாக்கி முகத்துக்கு நேரே பிளக்கும்.

குழாயின் அடியில் கிடப்பதுதான் முதலில் விழும். அப்படியானால் முதல் வரிசை. எந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்? இடமா? வலமா? தெரியலையே. கடவுளே, தெரியலையே.

அதே நாள், மதியம்

என்னிடமுள்ள முப்பதையும் தோட்டா பிரிக்கும் சுத்தியலுக்குள் ஒவ்வொன்றாக மாட்டித் தட்டிப் பிரிக்கிறேன். கெட்டது இங்கே இருந்துவிட்டால் அவன் தப்பித்தான். பத்து பிரித்தாயிற்று. பத்தும் நல்லது. இருபது. நல்லது. ஒவ்வொன்றும் நல்லதாக வர வர, கெட்டது அவனிடம்தான் என்றாகிறது.

முப்பதும் நல்லது.

மார்லிஸுக்குப் போன் செய்தேன். "நீ எடை போட்டுத்தானேம்மா போடுவே?" என்றாள்.

"எடை சரிதான்டி. எதை எடை போட்டேன்னுதான் தெரியல."

அவள் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பூட்ஸ் போட்டுட்டு வா. அவன் எங்க கூடாரம் போடுவான்னு எனக்குத் தெரியும்."

அக்டோபர் 22, ஞாயிறு

மலையில் நடந்ததை நேற்றிரவே எழுத முடியவில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் அவன் வண்டி மட்டும் நின்றது. ஏறினோம். முழங்கால் உயரப் பனி. மார்லிஸ் முன்னால், திரும்பிப் பார்க்காமல். ஓடையைத் தாண்டும்போது மேலே ஒரு வெடிச் சத்தம்.

ஒன்றே ஒன்று.

இருவரும் நின்றுவிட்டோம். மான் விழுந்திருந்தாலும் ஒரு சத்தம்தான். மற்றது நடந்திருந்தாலும் ஒரு சத்தம்தான். இரண்டாவது சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. மார்லிஸ் ஓடினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். என்னால் ஓட முடியவில்லை. கால் முடியவில்லையா, பார்க்கத் துணிவில்லையா?

நான் போய்ச் சேர்ந்தபோது கோல்பி முழங்கைவரை ரத்தமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வயிறு கிழித்த மான். மார்லிஸ் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை, நீங்களுமா?" என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். "கோவிச்சுக்காதீங்க. சுட்டது கடைத் தோட்டா. உங்களோடது கூடாரத்துல இருக்கு, பிரிக்கவே இல்ல. உங்க மனசு நோகுமேன்னுதான் வாங்கிக்கிட்டேன்."

பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

அந்த இருபதையும் கோல்பியின் முன்னால் பிரித்தேன். மூன்றில் கைத்துப்பாக்கி மருந்து மட்டும். நான்காவதில் இரண்டும் கலந்து. வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டியதும் அவன் குனிந்து விரலால் கிளறிப் பார்த்தான். கேலி செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. செய்திருக்கலாம்.

அக்டோபர் 29, ஞாயிறு

மார்லிஸ் மான்கறி கொண்டுவந்தாள். உட்காரவில்லை. வாசலில் நின்று, "இனிமே அவனுக்கு நீ எதுவும் அடைக்க வேணாம்மா" என்றாள்.

"சரி" என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

ஒன்றுமில்லை. தோட்டா அடைக்கும் அறைக்குள் போகவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

என் சொந்த ரைபிளுக்கு ஐந்து அடைத்தேன். மேசையில் ஒரே குப்பி. குழாயை இரண்டு தடவை கவிழ்த்துத் தட்டி, விளக்கடியில் பார்த்தேன். எடை அச்சாக நின்றது.

சுடும் மைதானத்தில் காற்றே இல்லை. இப்படிப்பட்ட நாள் வருஷத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். முதல் தோட்டாவைப் போட்டு, பூட்டி, கன்னத்தை ரைபிளின் கட்டையில் வைத்தேன். குறி தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ.

பிறகு கன்னத்தை எடுத்தேன். தோட்டாவைக் கழற்றி, ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.