தலைவாசல் இல்லாத வீட்டிலிருந்து

உ
தென்காசி,
யுவ வருஷம், தை மாதம் 20

சிரஞ்சீவி மகன் நம்பிராஜனுக்கு அம்மா குருவம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் உலகம்மன் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பதை நீ அனுப்பிய போட்டோவிலேயே பார்த்துக்கொண்டேன், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல்தான் இருக்கிறது. இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் அய்யா கையால் எழுதியவை. இதை நானே எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். அய்யாவை எழுதச் சொன்னால் உன் மனம் நோகக் கூடாது என்று நான் சொல்வதில் பாதியை விழுங்கிவிடுவார். உன் மனம் நோகாமல் எழுத எனக்கு இப்போது வரவில்லை.

செவலைப் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது. மேலகரத்து அத்தைக்கு முட்டுவலி வந்து நடமாட்டம் குறைந்துவிட்டது, உன்னைக் கேட்டாள். குற்றாலத்தில் தண்ணீர் சுருங்கிப் பாறையை ஒட்டிக்கொண்டு விழுகிறது, குளிக்கப் போகிறவர்கள் குரங்குக்குப் பயந்து திரும்பி வருகிறார்கள். அய்யாவுக்கு இருமல் விடவில்லை. எப்படி விடும்? நம் தலைவாசல் நிலை இருந்த இடத்தில் மூங்கில் தட்டிதான் நிற்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்கூடம், பட்டாசாலை வரை வந்து அரிசிச் சாக்கு நனைந்தது. இப்போது மழை இல்லை, மலைக்காற்று நேரே உள்ளே வருகிறது. தெரு நாய் தட்டியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு வந்து அடுப்படி வரை போகிறது. உன் பெரியப்பா மகன் சுந்தரபாண்டியன் வந்து கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போவான், இரண்டு நாளில் மறுபடியும் இளகிவிடும். நாங்கள் புறவாசல் வழியாகத்தான் போகிறோம், வருகிறோம்.

நேற்று உன் கடிதமும் அதோடு அச்சடித்த அழைப்பும் வந்தன. மாசி மாதத்தில் நீ வேலை பார்க்கிற மெட்ராஸ் காட்சிசாலையின் ஆண்டு விழாவாம், பெரிய துரை வந்து நிலைகளும் தூண்களும் வைத்திருக்கும் புதுக் கூடத்தைத் திறந்து வைப்பாராம், சனிக்கிழமைதோறும் நீ மேஜிக் லாந்தர் படம் காட்டிப் பிரசங்கம் செய்வாயாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இலவசமாக உள்ளே விட்டு வீடு எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுப்பீர்களாம். பழைய வரைபடங்களைப் பூச்சி அரிக்காமல் தகரப் பெட்டியில் வசம்பு போட்டு வைத்திருப்பதாகவும், ஒவ்வொரு கட்டைக்கும் நம்பர் எழுதி இன்ன இடம் என்று இருப்பதாகவும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நல்லது, கட்டைக்கெல்லாம் இடம் இருக்கிறது. உன்கூடப் பிறந்த பேராச்சி பிள்ளை பெற வர இடம் இருக்கிறதா என்றுதான் நான் கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். அதற்கு நீ எழுதியது கடைசியில் மூன்றே வரி. நிலை காட்சிசாலைப் பதிவில் ஏறிவிட்டது, இனி கமிட்டி கூடினால்தான் எதுவும் சொல்ல முடியும், விழா முடியட்டும் பார்க்கலாம் என்கிறாய். விழா முடிந்து கூட்டம் போடும்வரை வயிற்றில் இருக்கிற பிள்ளை பொறுத்திருக்குமா என்று உன் கமிட்டியிடம் கேட்டுச் சொல்.

நடந்ததை உனக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, நீ மறந்துவிட்டாற்போல் எழுதுகிறாய். போன ஆடியில் நீ உன் துரையைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அப்போது பேராச்சி தலை ஆடிக்கு வந்து இங்கேதான் இருந்தாள். துரை அந்த வேங்கை நிலையைத் தடவித் தடவிப் பார்த்தார், நீ டேப்பைப் பிடித்து அளந்து காகிதத்தில் எழுதினாய். இது மெட்ராஸில் இருந்தால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள், இங்கே மாடும் நாமும்தான் பார்க்கிறோம் என்று அய்யாவிடம் சொன்னாய். ஆடியில் யாராவது வீட்டில் கை வைப்பார்களா என்று நான் கேட்டேன். எனக்கு இப்போதுதான் லீவு என்றாய். ஆவணி பிறந்ததும் செங்கோட்டையிலிருந்து நல்ல தேக்கு வரவழைத்துப் புது நிலை வைத்துத் தருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாய். உன் அய்யாவுக்கு மகன் துரையோடு இங்கிலீஷில் பேசுவதைப் பார்த்ததும் வேறு எதுவும் காதில் விழவில்லை. வேல்சாமி ஆசாரி தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, நிலையைப் பெயர்த்துக் கொடுத்தார். பேராச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, மூன்று மாதம் ஆகாமல் வெளியில் சொல்லக் கூடாது என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. சின்னப் பெண், அவளைக் குறை சொல்லமாட்டேன்.

ஆவணியில் செய்தி தெரிந்தது. ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். ஆச்சி, பேறுகாலம் இந்த வீட்டுலதான, பிள்ள வயித்துல இருக்கையில நான் புது நெல வைக்க மாட்டேன், ஊரு முழுக்கக் கேட்டுப் பாருங்க, எவனும் வைக்க மாட்டான் என்றார். நான் அழுததைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். பழைய நெல திரும்பி வந்தா அது புதுசா வைக்குதது இல்ல, இருந்த எடத்துக்கு வருது, அதுக்குத் தோசம் கெடையாது, ராத்திரியோட ராத்திரியா நிறுத்தித் தாரேன் என்றார். அதைத்தான் புரட்டாசியில் அய்யா உனக்கு எழுதினார். நீ இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பதில் எழுதி, கார்த்திகையில் ஒரு போட்டோ அனுப்பினாய். மூடநம்பிக்கையாகவே இருக்கட்டும் நம்பி. நீ காலேஜில் படித்தவன், உனக்குத் தேவையில்லை. பிள்ளை பெறப் போகிறவள் நீ இல்லை, அவள்.

அந்தப் போட்டோவை அய்யா பஜார் முழுக்கக் கொண்டு போய்க் காட்டினார். நானும் பார்த்தேன். சுவர் இல்லாமல் நடுக் கூடத்தில் நிலை தனியாக நிற்கிறது, ஒரு வெள்ளைக்காரி பூட்ஸ் காலோடு அதற்குள் நின்று சிரிக்கிறாள், நீ ஓரத்தில் நிற்கிறாய். நிலையின் மேல்கட்டையில் செதுக்கிய கஜலட்சுமியின் முகம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அழுக்கு எடுத்துச் சுத்தம் பண்ணினோம் என்று எழுதியிருந்தாயே, அது அழுக்கு இல்லை. உன் அப்பத்தாவுக்கு மாமியார் காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் இட்ட மஞ்சளும் எண்ணெயும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இட்டதும் அதில் இருந்தது. அதைச் சுரண்டிப் போட்டபோது உனக்குக் கை கூசவில்லையா என்று கேட்கத் தோன்றியது, போகட்டும் மகன் வேலை பார்க்கிற இடம் என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன். போட்டோவில் நிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. அய்யா பேர் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். யாரிடமாவது காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

பொங்கலுக்குப் பேராச்சிக்குத் தலைப்பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு நானும் அய்யாவும் புளியங்குடிக்குப் போனோம். கரும்பும் பானையும் மஞ்சள் குலையும் இறக்கிவைத்தோம். அந்த வீட்டில் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அப்புறம்தான் சம்பந்தி சொக்கம்மாள் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளையின் அண்ணன் மெட்ராஸில் போலீஸில் இருக்கிறாரே, அவர் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உன் காட்சிசாலைக்கு வந்திருக்கிறார். நம் சம்பந்தி வீட்டு நிலை ஆயிற்றே என்று ஆசையாகக் கிட்டப் போய்ப் பலகையை வாசித்திருக்கிறார். தென்காசிப் பக்கத்தில் குடியற்றுப் பாழாய்ப்போன ஒரு வீட்டிலிருந்து மீட்கப்பட்டது என்று எழுதியிருந்ததாம். அங்கே நின்ற சேவகனிடம் கேட்டாராம். குடி இருக்கிற வீட்டில் எங்கள் ஆட்கள் எதையும் எடுக்க மாட்டார்கள், அது சட்டம், பாழடைந்த வீடுகளில்தான் எடுப்பார்கள் என்று அவன் சொன்னானாம். அவர் அதை அப்படியே தாய்க்கு எழுதிவிட்டார். மதினி, எங்க வீட்டுப் பிள்ளைய எந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லுதிய, குடியத்துப் போன வீடுன்னு உங்க மவனே எழுதிப் போட்டிருக்கானாமே, பெத்த தாயும் தகப்பனும் உசுரோட இருக்கையில எந்த மவனாவது இப்படி எழுதுவானா, வாசலும் இல்ல வாழ்வும் இல்லாத எடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன் என்று சொக்கம்மாள் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். அய்யா தலையைக் குனிந்துகொண்டு கரும்பைப் பார்த்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் போட்டோவை ரத்தினம் வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், சொக்கம்மாள் பொய் சொல்லியிருக்க மாட்டாளா என்ற ஆசையில். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், அதேதான் ஆச்சி என்றார். உங்கள் சட்டத்துக்கு ஒத்து வர வேண்டும் என்று என்னையும் அய்யாவையும் சாகடித்துவிட்டாய். நாங்கள் இருவரும் புறவாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையிலேயே அங்கே நம் வீடு குடியற்றுப் போய்விட்டது. மெட்ராஸில் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள் என்று நீதான் ஒரு தடவை சொல்லிச் சிரித்தாய். இதைப் பற்றியும் போன கடிதத்தில் அய்யா கேட்டிருந்தார். நேற்று வந்த உன் பதிலில் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துரை எழுதியது எனக்குத் தெரியாது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

புளியங்குடியிலிருந்து நாங்கள் கிளம்பும்போது பேராச்சி கிணற்றடி வரை வந்தாள். கால் வீங்கியிருக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது, எட்டாம் மாதம். அம்மா, அண்ணன் நெலயக் குடுத்திருவான்லா, நான் நம்ம வீட்டுக்கே வந்திருவேன்லா என்று கேட்டாள். குடுத்திருவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் கடிதம் வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசியில் வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து, தலைவாசல் வழியாக அவளை உள்ளே அழைக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்திருந்தேன். புறவாசல் வழியாகத் தலைப்பிள்ளைக்காரியை அழைத்து வந்தேன் என்று நாளைக்கு அவள் மாமியார் சொல்லும்படி வைத்துக்கொள்ள மாட்டேன், அவர்களும் அனுப்ப மாட்டார்கள்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், அய்யாவும் சரி என்று சொல்லிவிட்டார். மாசி பிறந்ததும் நானே புளியங்குடிக்குப் போகிறேன். தலைப்பிள்ளைக்குச் சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து, அவள் போடும் சோற்றைத் தின்றுகொண்டு, மகளுக்குப் பேறு பார்க்கும் தாய் நம் வகையறாவில் இதுவரை யாரும் இல்லை. நான் போகிறேன். சொக்கம்மாள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், என் பிள்ளை கண்முன் இருந்தால் போதும். அய்யாவுக்குச் சோறு சுந்தரபாண்டியன் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அவரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், இதுவரை பட்டதும் இல்லை. நிலைக்காக இனி நாங்கள் எழுத மாட்டோம். பிள்ளை பிறந்து பங்குனி கழிந்த பிறகு ஆசாரி ஏதாவது ஒரு நிலை வைத்துத் தருவார், வாகை மரமானாலும் போதும். உன் செங்கோட்டைத் தேக்கை நீயே வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்தால் முடி இறக்கவும் காது குத்தவும் தாய்மாமன் மடி வேண்டும். பேராச்சி உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அய்யா என்னிடம், நம்பி மடியில் பேரப்பிள்ளையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். பாழாய்ப்போன வீட்டுக்குத் தாய்மாமன் எங்கிருந்து வருவான்? நேற்று உன் கடிதம் வந்ததும் சுந்தரபாண்டியனைக் கூப்பிட்டு, நீதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மாமன் சீர் நாங்கள் எடுத்துத் தருகிறோம் என்று சொன்னேன். அவன் பயந்து போய், சித்தி, நம்பி அண்ணன் இருக்கையில நான் எப்படி உக்காருவேன், ஊரு என்ன சொல்லும் என்றான். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ உட்கார் என்றேன். அய்யா அங்கேதான் இருந்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார். பேராச்சிக்கு இன்னும் தெரியாது. நான் போய் நேரில் சொல்கிறேன், நீ அவளுக்கு எதுவும் எழுதி அழ வைக்காதே.

ஓட்டலில் காரம் அதிகம் சேர்க்காதே, சின்ன வயதிலேயே உனக்கு வயிறு ஆகாது. சனிக்கிழமை பிரசங்கம் என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே, புதன்கிழமையாவது குளி. குற்றாலநாதர் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல உத்தியோகமும் தரட்டும், இதை வாயால் சொல்லவில்லை, வயிற்றிலிருந்துதான் சொல்கிறேன். காது குத்துக்குப் பத்திரிகை அடித்ததும் உனக்கும் ஒன்று தபாலில் வரும். லீவு கிடைத்தால் வந்து, மற்ற விருந்தாளிகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
குருவம்மாள்