ட்ராமிலை அவன் கேட்டது

நவம்பர் 11, செவ்வாய்

குரொய்டனிலை லோயர் இண்டைக்கு என்ரை மகனுக்கு ஆறுதலாய் விளங்கப்படுத்தினா. அவன்ரை கொம்ப்யூட்டரிலை பொலிஸ் கண்டுபிடிச்ச, சின்னப் பிள்ளையளைச் சீரழிக்கிற படங்களிலை இருக்கிறது உண்மையான பிள்ளையளாம். அவனுக்கிருக்கிற ஓட்டிசத்தைக் கோர்ட் கணக்கிலை எடுக்கும், ஆனால் குற்றம் குற்றம்தானாம்.

"பிழையெண்டால் இன்டர்நெற்றிலை அந்தப் பக்கத்தை மூடியிருப்பினமே?" எண்டான். அவனுக்கு இருபத்தாறு வயசு.

திரும்பி வரேக்கை ட்ராமிலை பலத்துக் கேட்டான்: "அம்மா, அந்தப் பிள்ளையள் அழுதிருக்குங்களோ?"

முன்னாலை இருந்த தமிழ் ஆக்கள் திரும்பிப் பாத்தினம். நான் எழும்பிப்போய், அவனைத் தெரியாத மாதிரி வேறை சீற்றிலை இருந்தன்.

இறங்கினாப்பிறகும் கேட்டான். "ஓம், அழுதிருக்குங்கள்" எண்டன். ரோட்டிலை நிண்டு அழத் தொடங்கினான்.

அப்பவும் எனக்கு ஆரும் பாக்கினமோ எண்டுதான் யோசினை. அந்தப் பிள்ளையளை நான் இண்டைவரைக்கும் ஒருக்காலும் நினைக்கேல்லை.